ஈசானிய மூலைத் தண்ணீர்

எங்கள் வீட்டில் தரைக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. வீட்டில் அதைக் கீழ் ரூம்பு என்கிறோம். நான் படிக்கும் இலக்கிய வகுப்பில் அதற்கு நிலவறை என்ற நல்ல சொல் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டால் இருளும் குளிர்ச்சியும் மனத்தில் தோன்றும், சுவரில் ஊறும் ஓதம் தோன்றாது. எங்கள் அறைக்குள் இறங்குகிறவர் முதலில் அறிவது ஓதத்தைத்தான். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே அது மூக்கில் ஏறும். சுவரைத் தொட்டால் விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டும்.

செஞ்சியில் இப்படி அறை வைத்துக் கட்டிய வீடுகள் அதிகம் இல்லை. எங்கள் வீட்டில் அது அமைந்ததற்குக் காரணம் மனை. திருவண்ணாமலை சாலையிலிருந்து ராணிக்கோட்டை மலையை நோக்கிப் பிரியும் ஒரு தெருவின் கடைசியில் அது இருந்தது. யாரோ எப்போதோ கிராவல் மண் எடுத்துவிட்டுப் போன பள்ளம். வடக்கே மலை. மலையில் பெய்யும் மழை தெருவோடு தெற்கே இறங்கி, சாலையோரத்து ஓடையில் சேரும். பள்ளம் என்பதால்தான் அந்த மனை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது.

"இத ரொப்பறதுக்கே லாரி லாரியா மண்ணு அடிக்கணும்" என்றார் நைனா, அதாவது என் அப்பா. "ரொப்பாம மேல தளத்தப் போட்டுட்டா, கீழ உங்கம்மாவுக்கு ஒரு ரூம்பு சும்மாவே கெடைக்குது."

அம்மா தையல் வேலை செய்பவள். கடைத்தெருவில் ஒரு வாடகை அறையில், தெரிந்த பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். திண்டிவனத்து மொத்த வியாபாரி ஒருவர் வெட்டிய துணியைப் பண்டல் பண்டலாக அனுப்புவார், தைத்தவற்றை வாங்கிக்கொள்வார். கட்டடத்தின் சொந்தக்காரர் தன் மகனுக்குச் செல்போன் கடை வைக்க அந்த அறையைத் திரும்பக் கேட்டபோது, அம்மாவின் மெஷின்களுக்கு வேறு இடம் இல்லை. ஆகவே கீழ் ரூம்பு அம்மாவின் தொழிலுக்காகவே கட்டப்பட்டது. மேலே இருப்பவை இரண்டு சிறிய அறைகளும் ஒரு சமையற்கட்டும்தான்.

கட்டத் தொடங்குமுன் மனையைப் பார்க்க ஒரு வாஸ்துக்காரர் வந்தார். நைனா தனியார் பேருந்தில் ஓட்டுநர். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்ஸை அவர்தான் ஓட்டுவார். அந்தப் பயணங்களில் பழக்கமானவர் இந்த வாஸ்துக்காரர். பள்ளத்தின் விளிம்பில் ஒரு சுற்று நடந்தார். திசைகாட்டியை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு நைனாவை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"இதுக்கு முன்ன இருந்த வூட்ல கன்னி மூல பள்ளமா இருந்துச்சாம்மா? தண்ணி அங்கதான நின்னுது?"

அம்மா அங்கே கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

முன்பு நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் குளியலறைத் தண்ணீர் கன்னி மூலையான தென்மேற்கில்தான் தேங்கி நிற்கும். அந்த வீட்டில்தான் என் தம்பி இறந்தான். பள்ளியில் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை, காய்ச்சல். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். கொசுவை நினைத்துக் கேட்ட கேள்வி அது. அம்மாவின் மனத்தில் கொசு தங்கவில்லை, தண்ணீர் தங்கியது. ஆண்டுகள் கழித்து, நாங்கள் ஒன்றும் சொல்லாமலே ஒருவர் வந்து அந்தத் தண்ணீர் நின்ற மூலையையும் சொன்னபோது அவளுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. அந்தக் கேள்வி ஊரில் பாதி வீடுகளுக்குப் பொருந்தும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கும் உடல் சிலிர்த்தது.

அவர் சொன்ன பரிகாரம் எளிமையானது. வடக்கே மலை இருப்பது தோஷம். அதை ஈடுகட்டத் தெற்கையும் மேற்கையும் உயர்த்த வேண்டும். வடகிழக்கு, அதாவது ஈசானியம், எல்லாவற்றிலும் தாழ்ந்திருக்க வேண்டும். வீட்டில் விழும் ஒவ்வொரு சொட்டும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஒரு சொட்டும் தெற்கே போகக் கூடாது.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ணா, மலையே வடக்காலதான் இருக்குது. அங்கிருந்து வர்ற தண்ணி தெக்காலதான் போவும். நீ தெக்க ஏத்திட்டா அது எங்க போவும்? உன் வூட்டாண்டயே குந்திக்கும்."

"குந்தட்டும்யா. ஈசானியத்துல தண்ணி குந்துனா லட்சுமி குந்துனாப்ல."

"லட்சுமி செவுத்துல ஏறுனா அதுக்குப் பேரு ஓதம்ணா."

நைனா சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர் நிரப்பிய டியூபை இழுத்து மட்டம் பார்த்து, தெற்கிலும் மேற்கிலும் மண் ஏற்றி, முற்றம் முழுவதையும் மலையை நோக்கிச் சாய்த்துக் கொடுத்தார். வாட்டம் பிசகவில்லை. தென்மேற்கு மூலையில் ஒரு செம்புத் தண்ணீரை அம்மா ஊற்றினாள். அது எங்கும் நிற்காமல் ஓடி, வடகிழக்கு மூலையில், கீழ் ரூம்பின் சுவரை ஒட்டி வந்து நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

முதல் ஐப்பசியிலேயே சுவர் வியர்த்தது. பிறகு தரையும் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய கோடாக ஈரம் படிந்தது. கார்த்திகையில் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் ஊறிப் பரவி, மெஷின்களின் காலடிக்கு வந்தது. மலைத் தண்ணீர் தெருவிலிருந்து இறங்கியது. முற்றத்துத் தண்ணீர் எதிரே போய் அதைச் சந்தித்தது. இரண்டும் சுவருக்கு வெளியே சேர்ந்து நின்றன. உள்ளே வர அவற்றுக்கு அவசரம் எதுவும் இல்லை.

தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஆனாலும் அதை உள்ளேயிருந்தே நிறுத்தப் பார்த்தோம். கோடை வந்ததும் மேஸ்திரி பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டில் ஒரு பொடியைக் கலந்து புதிதாகப் பூசினார்.

"கோட்டையில நெல்லு கொட்டி வெச்ச களஞ்சியம் இருக்குது பாரு" என்றார் நைனா, படியில் உட்கார்ந்து பூச்சு வேலையைப் பார்த்தபடி. "எத்தினி நூறு வருசம். உள்ள போனா ஒரு பொட்டு ஓதம் இருக்குதா? அவன் இன்னாத்தப் பூசுனான்னு பாத்துட்டு வந்து பூசேன்யா."

"அவன் ராஜா ணா. ஒசரத்துல கட்டுனான். நீ பள்ளத்துல கட்டிட்டு என்னாண்ட பேசற."

அந்தப் பூச்சு அடுத்த மழைக்குப் பொரிந்து, அப்பளம்போல் உப்பி உதிர்ந்தது. மறு கோடையில் ஒரு கடைக்காரர் பரிந்துரைத்த ரசாயனத்தை வாளியில் கரைத்து, நைனாவே பிரஷ்ஷால் இரண்டு கை அடித்தார். சுவர் ரப்பரைப் போலப் பளபளத்தது. மழை அந்தச் சுவரை விட்டுவிட்டு, தரையின் நடுவில் மெஷினுக்கு அடியில் முளைத்தது.

தைக்க வரும் பெண்கள் கால்களைப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தார்கள். அவர்களில் ஒருத்தி வாயாடி. "யக்கா, இன்னும் ரெண்டு மழ போனா நாத்து நட்டுடலாம். தையல வுட்டுட்டு வெவசாயத்துக்குப் போயிடுவோம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே துணிப் பண்டலை இன்னும் ஒரு செங்கல் உயரத்துக்கு ஏற்றுவாள். மெஷினின் ஊசித் தண்டில் துரு ஏறாமல் இருக்க மாலைதோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பாள். வெள்ளைத் துணிகளை மட்டும் மேலே கொண்டுவந்து என் கட்டிலின் மேல் அடுக்குவாள். நான் அவற்றுக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் படுத்துக்கொள்வேன்.

துணிக்கு ஈரம் பட வேண்டும் என்பதில்லை. அந்த அறையின் காற்றே போதும். ஒரு முறை மடித்துக் கட்டி அனுப்பிய உள்பாவாடைகளில் பூசணம் புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது. வியாபாரி நேரில் வந்தார். கீழே இறங்கவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஏம்மா, துணியத் தச்சி அனுப்ச்சியா, கருவாட்டோட வெச்சி அனுப்ச்சியா? கடைக்காரன் மோந்து பாத்துட்டுத் திருப்பி வுட்டுட்டான். உன் கை சுத்தம், அதுல கொற சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு வாட்டி இப்படி வந்துச்சின்னா நான் வேற எடம் பாத்துக்குவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வராதுங்க" என்றாள் அம்மா.

அந்தக் கோடையில் நைனா உள்ளே பூசுவதைப் பற்றிப் பேசவில்லை. மேஸ்திரியைக் கூட்டிவந்து முற்றத்தில் நிறுத்தினார். வடக்குச் சுவரை ஒட்டி வெளியே கால்வாய் வெட்டுவது, அதைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றித் தெற்கே திருப்பி ஓடையில் விடுவது, ஏற்றிய மண்ணைக் குறைத்து முற்றத்தின் வாட்டத்தைத் தெற்குநோக்கி மாற்றுவது: இவ்வளவுதான் வேலை. கால்வாய் போக வேண்டிய வழியில் மேஸ்திரி சுண்ணாம்பைத் தூவி அடையாளம் இட்டார். மறுநாள் ஆள்களோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

அம்மா சமையற்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மேஸ்திரி தெருமுனையைத் தாண்டிய பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வடக்கிலிருந்து ஆரம்பித்து, குனிந்த முதுகை நிமிர்த்தாமல், அந்த வெள்ளை வரிகள் முழுவதையும் கூட்டித் தள்ளினாள். சாணி போடுவதற்கு முன் வாசல் பெருக்குவதைப் போல, எந்த ஆத்திரமும் இல்லாமல் கூட்டினாள்.

"இன்னாமே இது?" என்றார் நைனா.

"தண்ணி தெக்கால போவக் கூடாது."

"உனக்குத்தான்மே செய்றேன். உன் மெஷினு, உன் வேல. எனக்கா தைக்கத் தெரியும்?"

"தெரியுது."

"தெரிஞ்சிமா கூட்டற?"

"என் மெஷினு துருப்புடிச்சா புடிச்சிட்டுப் போவுது" என்றாள் அம்மா. நைனா என்னைப் பார்த்தார். படித்தவள் எதையாவது எடுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். கொசுவைப் பற்றிச் சொல்லலாம். திசைக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்று சொல்லலாம். ஆனால் நான் அவற்றைச் சொன்னால், தம்பி எந்தக் காரணமும் இல்லாமல் இறந்தான் என்றும் சொன்னதாகிவிடும். அம்மாவிடம் இருந்தது அந்த ஒரு காரணம்தான். நான் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

மேஸ்திரிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று நைனா சொன்னார். "அண்ணி வுடலியா?" என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது. "மண்ண ஏத்தும்போதே நெனச்சேன்ணா, எறக்கறது கஷ்டம்னு."

கால்வாய்க்குப் பதிலாக ஒரு மோட்டார் வந்தது. கீழ் ரூம்பின் மூலையில் சிறு குழி பறித்து, ஊறும் தண்ணீர் அதில் சேரும்படி செய்து, மோட்டாரை அதற்குள் இறக்கினார்கள். குழாய் ஜன்னல் வழியாக மேலே போனது. அதன் வாயை எங்கே விடுவது என்ற கேள்வி எழுந்தபோது, அம்மா குழாயைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு போய் வடகிழக்கு மூலையில் போட்டாள். கீழே இருந்து இறைத்த தண்ணீர் ஈசானியத்துக்குப் போனது. ஈசானியத்திலிருந்து சுவர் வழியாகக் கீழே வந்தது. மோட்டார் அதை மீண்டும் இறைத்தது. பார்க்கிறவர்களுக்கு அது வேலை செய்வதைப் போலவே தோன்றும்.

இந்த ஏற்பாட்டை நானும் நைனாவும் ஏற்றுக்கொண்டோம். ஒரு தவறு அதன் முழு வட்டத்தையும் சுற்றி வருவதை அருகிலிருந்து பார்த்துக்கொண்டு, அதன் நடுவில் சோறு உண்டு, துணி மடித்து, பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போய் வருவது நாம் நினைப்பதைவிட எளிது.

பெருமழை பெய்தது ஓர் அமாவாசையன்று. நைனா காலையிலேயே மேல்மலையனூர் ஸ்பெஷலுக்குப் போய்விட்டார். பெண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. கீழே, மறுநாள் வியாபாரியின் வண்டி எடுத்துப்போக வேண்டிய பண்டல்கள் கட்டி முடித்துச் செங்கல்மேல் பலகையில் இருந்தன. பெரும்பாலும் அரக்கு நிற நைட்டிகள். மேல் அடுக்கில் வெள்ளை உள்பாவாடைகள். மதியத்துக்குள் மலை கண்ணில் மறைந்துவிட்டது. தெருத் தண்ணீர் வாசற்படியை உரசிக்கொண்டு ஓடி, எங்கள் மூலைக்கு இறங்கியது.

நாங்கள் இறங்கியபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அம்மா மோட்டாரைப் போட்டாள். இருவரும் பண்டல்களைச் சுமந்து மேலே கொண்டுபோனோம். நனைந்த துணியின் கனம் நனையாத துணியோடு ஒப்பிடக் கூடியதன்று. அடி வரிசைப் பண்டல்கள் ஏற்கெனவே தண்ணீரை உறிஞ்சியிருந்தன. அவற்றை அசைத்தபோது அரக்குச் சாயம் வழிந்து படிகளில் இறங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் குறையவில்லை. அன்று மின்சாரம் போகவில்லை. போயிருந்தால் எங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

அம்மா கீழே இருக்கும்போது நான் வெளியே போனேன். மூலையில் குழாயின் வாய் குளமாக நின்ற தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, தெற்குப் பக்கத்து மண்மேட்டைத் தாண்டித் தெருவில் விட்டேன். தண்ணீர் தெருவோடு சேர்ந்து ஓடையை நோக்கிப் போனது. அதற்குப் போக வேண்டிய இடம் நன்றாகத் தெரிந்திருந்தது.

திரும்பி உள்ளே வந்து பார்த்தபோது சுவரில் ஈரத்தின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு விரல் அகலம் தெரிந்தது. சற்றுப் பொறுத்து, இரண்டு விரல். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொடும்வரை இறங்கிவிடும் என்று தோன்றியது. எஞ்சிய பண்டல்கள் பலகையிலேயே பிழைத்துவிடும் என்றும் தோன்றியது.

அம்மாவும் அதைப் பார்த்தாள். ஈரத்தின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் குழாய் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்தாள். கையிலிருந்த பண்டலைத் தண்ணீரிலேயே வைத்துவிட்டுப் படியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மழையில் அவள் குழாயை இழுத்துக்கொண்டிருந்தாள். புடவை காலில் சுற்றிக்கொண்டது. நான் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, எறங்குதும்மா. பாத்தியா? கொஞ்ச நேரம் வுடு. ஒரு மணி நேரம் வுட்டாப் போதும்."

"வுடுடி."

"துணி போயிடும்மா. அவரு இனிமே துணி அனுப்ப மாட்டாரு. உன் வேல போயிடும்."

"போவட்டும்" என்றாள். அவள் கத்தவில்லை. மழையில் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சற்று உரக்கச் சொன்னாள், அவ்வளவுதான். "நீ ஒருத்திதான் இருக்கற."

நான் குழாயை விட்டேன்.

அவள் அதை வடகிழக்கு மூலைக்கே கொண்டுபோனாள். யாரும் நகர்த்தாமல் இருக்க, அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். அது முன்பு வாஸ்துக்காரர் முன்னால் அவள் உட்கார்ந்த அதே கல்லாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு இருவரும் உள்ளே வந்து, மிச்சமிருந்ததைச் சுமந்தோம். தண்ணீர் பழைய இடத்துக்கு ஏறியது. அதற்கு மேலும் ஏறியது.

அன்று மாலை மேலே இருந்த இரண்டு அறைகளிலும், சமையற்கட்டிலும், என் கட்டிலிலும் துணிகளைப் பரப்பினோம். ஈரப் பண்டல்களோடு சேர்ந்து கிடந்ததில் வெள்ளை உள்பாவாடைகள் அனைத்திலும் அரக்குச் சாயம் இறங்கியிருந்தது. அம்மா ஒன்றை விரித்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, மடித்து வைத்தாள். தையல் பிரிந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

வியாபாரி மறுநாள் வண்டியோடு வந்தார். இம்முறை கேலி பேசவில்லை. "எனக்குக் கஷ்டமாத்தான்மா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தைக்காத துணியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பண்டல்கள் இப்போது வேறொரு தெருவுக்குப் போகின்றன. எங்கள் பெண்களும் அங்கேதான் போகிறார்கள். நாற்று நடலாம் என்றவள் எப்போதாவது வழியில் அம்மாவைப் பார்த்தால் நின்று பேசுகிறாள். "அங்க ஃபேன் இருக்குதுக்கா, காத்து வருது. ஆனா சிரிக்க வுட மாட்டன்றாங்க." அம்மா ஒரு மெஷினை மட்டும் மேலே கொண்டுவந்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள். மற்ற மெஷின்களைப் பழைய இரும்புக்குத்தான் கேட்டார்கள். அதனால் அவை கீழேயே நிற்கின்றன.

அந்த அமாவாசையன்று வேலை முடிந்து வந்த நைனா படியில் நின்று கீழே பார்த்தார். பிறகு மேலே வந்து காப்பி கேட்டார். மோட்டாரை விற்றுவிட்டோம். குழாயையும் எடுத்துவிட்டோம். கல் மட்டும் அந்த மூலையில் இருக்கிறது. மழைக்காலத்தில் அது தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

நான் நலமாக இருக்கிறேன். என் உடல் நலத்துக்கு அந்த மூலைதான் காரணம் என்பதை என்னால் மறுக்க முடிகிறது. பொய் என்று காட்ட முடியவில்லை. காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கோடையிலும் நைனா புதிதாக ஒரு டப்பா ரசாயனம் வாங்கி வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் விடுப்பில் கீழே இறங்கி, துருப்பிடித்த மெஷின்களை நகர்த்திவிட்டு, சுவர் முழுவதும் அடித்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். கோடையில் அந்த அறை எப்போதும் உலர்ந்தே இருக்கும்; தரையில் வெடிப்புகூட விட்டிருக்கும். ஆண்டுதோறும் அந்தச் சில மாதங்களில் நாங்கள் மூவருமே அந்த உலர்ச்சியை நம்புகிறோம்.

மேலே மெஷின் சத்தம் நின்றது. அம்மா படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றாள்.

"காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடும்" என்றார் நைனா, பிரஷ்ஷை நிறுத்தாமல்.